தண்ணீருக்கடியில் பிடித்துப் பார்த்தல்

பசறை ரோட்டில் பஞ்சர் ஒட்டும் சன்னாசிக்கு
மலக்குடலின் மேல்முனையில்
நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி.
வெட்டி எடுத்துவிட்டு
இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும் என்றேன்.
"ஒட்டுறதா, தைக்கிறதா?"
ரெண்டுமில்ல, மிஷின்.
வட்டமா ஊக்கு அடிக்கும்.
"ஒழுகாதா?"

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில்
ஒரு சதவீதம் இருக்கிறது.
பதுளை ஆஸ்பத்திரியில் எனக்கு
அந்தச் சதவீதத்தின் கட்டில் நம்பர் தெரியும்.
பதினொன்று. போன ஐப்பசி.
தெமோதரைப் பக்கத்துப் பெண்.
ஐந்தாம் நாள் விடியலில்
"வயிறு லேசா வலிக்குது" என்றாள்.
நாடி நூற்றுப் பத்து.
காய்ச்சல் இல்லை, பயம்போல,
என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஆகவே சன்னாசியிடம் கறாராக இருந்தேன்.
நாலு வாரம் பீடி கூடாது.
வெற்றிலை போட்டாலும் போயிலை கூடாது.
எட்டரையில் நிற்கிற இரத்தம் ஏறவேண்டும்,
முட்டை, பருப்பு, இரும்பு ஊசி.
"பீடிய விட்டுட்டேங்க" என்றபோது
சட்டைப் பையில் தீப்பெட்டி கிலுங்கியது.
"அது வெளக்குக்கு."
"லயத்துல கரண்டு இருக்கு" என்றாள்
அதுவரை பேசாத அங்கம்மா.

டாக்டர் ரணவக்க அவசரப்படாத மனிதர்.
வெட்டிய ஓரத்தில் இரத்தம் கசியும்வரை காத்திருந்தார்.
கசிந்தது,
பிரேக் லைட் மாதிரி நல்ல சிவப்பு.
இழுத்துச் சேர்த்தால் பிய்யும் என்று
மண்ணீரல் மூலை வரைக்கும் போய்
குடலை அவிழ்த்து இறக்கினார்.
கூப்பிடாமலே
இரண்டு முனையும் பக்கத்தில் வந்து படுத்தன.
மிஷின் ஒருதரம் கடித்தது.
உள்ளே வெட்டுப்பட்டு வந்த வளையங்கள் இரண்டும்
குட்டி உளுந்து வடைபோல
அறுபடாமல் முழுசாக.

பிறகு சிஸ்டர் குசுமாவதி
இடுப்புக் குழிக்குள் உப்புநீர் ஊற்றினாள்.
கீழே இருந்து காற்று அடித்தோம்.
எல்லாரும் குனிந்தோம்.

இது எங்கேயோ பார்த்த வேலை.
குறுக்கே அறுத்த எண்ணெய்ப் பீப்பாய்,
கருப்புத் தண்ணீர்,
அமுக்கி அமுக்கி டியூபைத் திருப்பும் விரல்கள்.
அந்த அறையில்
இதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய ஒரே ஆள்
வாயில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு குமிழி.
ஊசிமுனை அளவு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

மூன்று தையல்.
மறுபடி தண்ணீர், மறுபடி காற்று.
தண்ணீர் சும்மா கிடந்தது.
"இருந்தாலும்..." என்றார் டாக்டர்.
அந்த "இருந்தாலும்"
வயிற்றின் வலப்பக்கம் ஒரு பை ஆயிற்று.
மேலிருந்து வருவதைத் திருப்பிவிட்டு
தைத்த இடம் சும்மா ஆறட்டும் என்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தெமோதரைப் பெண்ணுக்கு
ஒரு குமிழிகூட வரவில்லை.

கண் விழித்து, பையைத் தொட்டுப் பார்த்து
ஒருநாள் முழுக்க அவர் பேசவில்லை.
மறுநாள் கேட்டார்:
"பஞ்சரு குந்தித்தானே ஒட்டணும்.
இத வச்சிக்கிட்டு எப்புடிக் குந்துறது?"
மூணு மாசந்தான், பிறகு மூடிவிடலாம் என்றேன்.
அவர் கேட்டது அதுவல்ல.

மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில்
எண் இறங்கியிருந்தது.
நாலாம் நாள் கஞ்சி குடித்தார்.
அங்கம்மாவோடு கொஞ்சம் சண்டையும் போட்டார்,
நல்ல குறிதான்.

ஐந்தாம் நாள்
ரவுண்ட்ஸுக்கு இரண்டு மணிநேரம் முன்னால் வந்தேன்.
வாட்டு ஜன்னலில் மூட்டம்,
நாமுனுகுலை எங்கே என்றே தெரியவில்லை.
நாடி எண்பத்தெட்டு.
வயிறு மெத்தென்று இருந்தது.
வலி?
"லேசா" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள்.
வருகிறேன் என்று கைகாட்டிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
அவர் மணிக்கட்டைத் திரும்பப் பிடித்து,
இந்த முறை
முழு நிமிஷமும் எண்ணத் தொடங்கினேன்.